பச்சை ஸ்வெட்டர் போட்டவர்

அத்தியாயம் 4

பல்கேரியாவின் கடற்கரை ஊரான வார்னாவிலிருந்து, டான்யூப் நதிக்கரையில் இருக்கும் ரூசே வரை இருநூறு கிலோமீட்டர். முக்கால் தூரம்வரை நெவேனா வாயைத் திறக்கவில்லை. அவள் பேசாமல் வந்தால் ரூமெனுக்கு இருப்புக் கொள்ளாது. அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்து அவனே பேசிக்கொண்டு வந்தான்.

"கடற்கரை ஊருக்குப் போய்க் கடலைப் பார்க்காம திரும்பின முதல் ஆளுங்க நாமதான் மேடம். ஸ்டேஷன் சுவரைத்தான் பார்த்தோம். நல்ல சுவர். குறை சொல்ல முடியாது."

"ரோட்டைப் பார்த்து ஓட்டு."

"அப்பாடா, பேசிட்டீங்க!"

நெவேனா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஞாயிறு மதியம் ஒன்றே முக்கால். ஸ்தாமென் காணாமல் போய் இரண்டு இரவுகள் கழிந்துவிட்டன. இரண்டு இரவும் பூஜ்யத்துக்குக் கீழே. இன்று மாலையிலிருந்து பனி கொட்டும் என்று கார் ரேடியோ மூன்றாவது தடவையாகச் சொன்னது.

ஸ்தாமெனுக்கு எழுபத்தாறு வயது. டான்யூப் நதியின் இழுவைக் கப்பல்களில் எஞ்சின் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு ரூசேயில் தனியாக இருந்தார். கடந்த ஒரு வருடமாக நினைவு தடுமாறியது. மகள் எலிட்சா டிராலிபஸ் கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் பார்ப்பவள். ஊரின் மறுகோடியில் வீடு. அப்பாவைப் பகலில் பார்த்துக்கொள்ள டோப்ரி என்பவனை வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அப்பாவை நடக்கக் கூட்டிப் போனதாகவும், ஸ்டேஷனுக்கு எதிரே சிகரெட் வாங்கித் திரும்புவதற்குள் அவர் வார்னா ரயிலில் ஏறிவிட்டதாகவும், வண்டி கிளம்பிவிட்டதாகவும் டோப்ரி சொன்னான். கோட்டுப் போட மாட்டேன் என்று அடம் பிடித்தாராம்; அது வீட்டு ஆணியில் அப்படியே தொங்கியது. உடம்பில் ஒரு பச்சை ஸ்வெட்டர் மட்டும்தான். போலீஸ், ரேடியோ, தேடுகிற ஜனம் எல்லாம் வார்னா பக்கம் திரும்பியது.

நேற்று இரவு எலிட்சா, துப்பறியும் தொழில் செய்யும் நெவேனாவிடம் வந்து அழுதாள். நெவேனா விடியுமுன் வார்னாவில் இருந்தாள்.

"அந்த ரயில் கண்டக்டர் என்ன சொன்னார்?" என்றாள் நெவேனா திடீரென்று.

"பச்சை ஸ்வெட்டரைப் பார்க்கலைன்னார். வெள்ளிக்கிழமை வண்டியில மொத்தமே முப்பது பேராம். கோட்டு இல்லாத கிழவர் ஏறியிருந்தா போர்வையே கொடுத்திருப்பேன்னார். பொய் சொல்ற மூஞ்சி இல்ல."

"வழியிலயும் யாரும் இறங்கல. டிக்கெட் கவுண்டர்லயும் பார்க்கல. ஒருத்தரைத் தவிர யாருமே பார்க்கல."

"டோப்ரியைச் சந்தேகப்படறீங்களா? அவன் ரெண்டு நாளா எலிட்சா வீட்டு அடுக்களையில உக்காந்து போன் எடுத்திட்டிருக்கான். நம்மளை விட அதிகமா உழைக்கிறான்."

"நான் யாரையும் சந்தேகப்படல. அந்த ஸ்வெட்டரைப் பார்க்கணும்."

"ஸ்வெட்டர் அவர் உடம்புல இருக்கு மேடம்."

"அது பச்சைன்னு எலிட்சாவுக்கு எப்படித் தெரியும்? அதைத்தான் பார்க்கணும்."

*

எலிட்சாவின் வீடு நாலாவது மாடியில். லிப்டுக்காகக் காத்திராமல் நெவேனா படியேறினாள். கதவு திறந்தே கிடந்தது.

அடுக்களை மேஜையில் டோப்ரி. நாற்பது வயசுக்குள், பருத்த தோள், சவரம் செய்யாத முகம். ஒரு காதில் போன், முன்னால் கோடு போட்ட நோட்டு, பக்கத்தில் பாதி தின்ற சீஸ் பலகாரம், பானிட்சா. அவர்களைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கித் தலையாட்டினான். செய்தி இல்லை என்று அர்த்தம்.

எலிட்சா கூடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். தலைமுடி கலைந்து, அலுவலகச் சட்டையோடு. அப்பாவைத் தேடித் தான் போட்ட வலைப்பக்கத்தை நிமிடத்துக்கு ஒரு தடவை புதுப்பித்துக்கொண்டிருந்தாள்.

"வார்னாவில...?"

"இல்ல," என்றாள் நெவேனா. "உக்காருங்க. ஒரே ஒரு கேள்வி. ஸ்வெட்டர் பச்சைன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

எலிட்சா விழித்தாள். "யாரும் சொல்லல. நானே பார்த்தேன். படத்துல."

"நேர்ல?"

"நேர்ல பார்க்கல." அவள் குரல் இறங்கியது. "போன ஞாயிறு எனக்கு ஷிப்ட். போகல. அது புது ஸ்வெட்டர். மார்ச் ஒண்ணாம் தேதி கிளப்புல கொடுத்தாங்களாம். ஓய்வு பெற்ற நதிக்காரங்களோட சதுரங்க கிளப். அப்பா போன்ல சொன்னார், 'புது ஸ்வெட்டர் கண்ணு, கதகதன்னு இருக்கு'ன்னார். அப்புறம் கிளப் வெப்சைட்ல படம் வந்துச்சு. வெள்ளிக்கிழமை அலமாரியைப் பார்த்தேன். எல்லாத் துணியும் இருக்கு, அது மட்டும் இல்ல."

"கிளப் ஆட்களைக் கேட்டீங்களா?"

"செயலாளரைக் கேட்டேன். 'சதுரங்கக்காரன்கிட்ட நிறம் கேட்காதேம்மா, எங்களுக்குக் கறுப்பு, வெள்ளை ரெண்டுதான் தெரியும்'னார்."

"நல்ல கிளப். நான் வயசானதும் சேர்ந்துடறேன்," என்றான் ரூமென்.

எலிட்சா படத்தைத் திறந்தாள்.

நீள மேஜை. சதுரங்கப் பலகைகள். நாலைந்து கிழவர்கள் காமிராவைப் பார்த்துச் சிரித்தார்கள். ஸ்தாமென் ஜன்னலோரம் பக்கவாட்டில் திரும்பி நின்றார். முகம் சரியாகத் தெரியவில்லை. அதனால்தான் போஸ்டருக்குப் பழைய பாஸ்போர்ட் படத்தைப் போட்டுவிட்டு, ஸ்வெட்டரின் நிறத்தை மட்டும் இந்தப் படத்தைப் பார்த்து எழுதியிருந்தாள் எலிட்சா. நல்ல கரும்பச்சை.

ரூமென் எட்டிப் பார்த்தான். "என்ன அநியாயம் மேடம் இது! நாற்பது வருஷம் ஆத்துல மிதந்த ஆளுங்க. கிளப் ரூம்ல உக்காந்த இடத்துல எல்லாருக்கும் கப்பல் மயக்கம். மூஞ்சியெல்லாம் வெள்ளரிக்காய் கணக்கா இருக்கு."

"ட்யூப்லைட் வெளிச்சம்னு நினைச்சேன்," என்றாள் எலிட்சா.

நெவேனா சிரிக்கவில்லை. "ரூமென், இப்ப சொன்னதைத் திரும்பச் சொல்லு."

"வெள்ளரிக்காய்னேன். தப்பா?"

"படத்தைப் பெரிசாக்கு. அவர் நெஞ்சுப் பக்கம்."

ரூமென் பெரிதாக்கினான். ஸ்வெட்டரில் இடது பக்கம் ஒரு சின்ன நூல் குஞ்சம் குத்தியிருந்தது.

"அது என்ன?"

"மார்தெனிட்சா. வசந்தத்தை வரவேற்க மார்ச் ஒண்ணாம் தேதி எவன் குத்தாம இருப்பான்? உங்க கோட்டுலயே ஒண்ணு இருக்கே."

"என் கோட்டுல இருக்கிறது என்ன நிறம்?"

"என்ன கேள்வி மேடம்? சிவப்பும் வெள்ளையும். உலகம் தோன்றின நாள்லேர்ந்து..." ரூமென் நிறுத்தினான். திரையைப் பார்த்தான். மூக்கு அதில் படுகிற அளவுக்குக் குனிந்து மறுபடி பார்த்தான்.

ஸ்தாமெனின் மார்தெனிட்சா பச்சையும் வெள்ளையுமாக இருந்தது.

*

ரூமெனைக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையிலிருந்துதான் நெவேனா தன் உதவியாளாகக் கூட்டி வந்திருந்தாள். வேறு சமயமானால் அவன் வேலை பார்க்கும்போது பாட்டுக் கூடப் பாடுவான். இப்போது விரல்கள் மட்டும் ஓடின.

"முதல்ல மானிட்டரைப் பார்ப்போம். கம்பி லூசா இருந்தா திரை முழுக்க நிறம் கெட்டிருக்கும்." ஒரு செய்தித்தாளின் இணையப் பக்கத்தைத் திறந்தான். அதில் மார்தெனிட்சா விற்கிற பெண்ணின் படம். சிவப்பு சிவப்பாகத்தான் இருந்தது. "மானிட்டர் மேல பழி இல்ல."

"அப்ப கிளப்புக்காரங்க போட்ட படமே தப்பா?" என்றாள் எலிட்சா.

"இருக்கலாம். இல்ல, இந்தக் கம்ப்யூட்டர் பழைய பிரதி எதையாவது ஒளிச்சு வெச்சுக் காட்டுதோ என்னவோ." சேர்த்து வைத்திருந்த பிரதிகளை அழித்தான். பக்கத்தைப் புதிதாக வரவழைத்தான். பச்சை அசையவில்லை.

பையிலிருந்து தன் லேப்டாப்பை எடுத்தான். அதே முகவரியை அடித்தான். படம் மேலிருந்து கீழாக மெதுவாக இறங்கியது. கிழவர்களின் முகத்தில் முதலில் ரத்தம் ஓடியது. கன்னங்கள் ரோஜா நிறமாயின. பிறகு ஜன்னல் வந்தது. பிறகு ஸ்தாமென்.

ஸ்வெட்டர் கருஞ்சிவப்பு.

எலிட்சாவின் கை வாய்க்குப் போனது. "எது நிஜம்? எது நிஜம் சொல்லுங்க!"

"மார்தெனிட்சா எதுல சிவப்பா இருக்கோ அதுதான் நிஜம்," என்றாள் நெவேனா.

ரூமென் மறுபடி எலிட்சாவின் கம்ப்யூட்டருக்குத் திரும்பினான். அதிலேயே இன்னொரு பிரவுசரில் திறந்தான். சிவப்பு. முதல் பிரவுசரில் பச்சை. "ஒரே வீடு, ஒரே திரை, ரெண்டு வாசல். ஒரு வாசல் வழியா வந்தா மட்டும் நிறம் மாறுது. இந்த மானிட்டர் எப்ப வாங்கினீங்க?"

"ரெண்டு வாரம் ஆச்சு. கூட ஒரு சிடி இருந்துச்சு. போட்டேன். அது என்னென்னமோ கேட்டுச்சு, எல்லாத்துக்கும் சரி, சரின்னு அழுத்தினேன்."

"அதுதான்." ரூமென் அமைப்புகளுக்குள் நுழைந்து ஒரு கோப்பைக் காட்டினான். "மேடம், நம்ம ஊர்ப் பாலத்துல ருமேனியாவுக்குப் போற வண்டிங்களை நினைச்சுக்குங்க. சில படங்க கையில பேப்பரே இல்லாம வரும். அதிகாரி கண்டுக்க மாட்டார், போன்னு விட்டுடுவார். அந்தச் செய்தித்தாள் படம் அப்படி. நல்ல காமிராவுல எடுத்த படம் 'என் நிறம் இது'ன்னு எழுதின பேப்பரோட வரும். இந்தப் பிரவுசர் அதை வாங்கி, திரைக்குன்னு இருக்கிற நிறக் கோப்போட ஒப்பிட்டுப் பார்க்கும். அந்தக் கோப்புதான் கெட்டுப் போயிருக்கு. சிவப்பையும் பச்சையையும் இடம் மாத்தி வெச்சிருக்கு. முறையா பேப்பர் வெச்சிருக்கிறவன்தான் மாட்டிக்கிறான். நம்ம நாட்டு வழக்கம்தானே."

"சரி பண்ண முடியுமா?"

"ஒரு நிமிஷம். கோப்பைத் தூக்கிட்டா..."

"தூக்காதே." நெவேனா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

எலிட்சா எழுந்து நின்றுவிட்டாள். "நான்தான் பச்சைன்னு எழுதினேன். போஸ்டர்ல, ரேடியோவுல, போலீஸ்ல. ஊரெல்லாம் பச்சையைத் தேடுது. நான்தான்..."

"எலிட்சா, அப்புறம் அழலாம். இப்ப யோசிங்க." நெவேனாவின் குரல் தணிந்தது. "உங்களுக்கு நிறம் தப்பாத் தெரிஞ்சது. காரணம் இந்த மிஷின். ஆனா வெள்ளிக்கிழமை காலையில உங்கப்பாவை நேர்ல பார்த்தேன்னு சொல்றவருக்கு ஏன் தப்பாத் தெரியணும்?"

அடுக்களையில் டோப்ரி யாரிடமோ போனில் சொல்வது தெளிவாகக் கேட்டது: "இல்லம்மா, பச்சை. பச்சை ஸ்வெட்டர். நீங்க பார்த்தது வேற ஆளு."

*

"டோப்ரி, கொஞ்சம் வர்றீங்களா?" என்று கூப்பிட்டாள் நெவேனா. "ஒரு சின்ன உதவி."

அவன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். ரூமென் தன் லேப்டாப்பை மூடிவிட்டிருந்தான். எலிட்சாவின் திரையில் பச்சைப் படம் மட்டும்.

"வார்னா போலீஸ் நிறத்தைச் சரியாக் கேட்கறாங்க. இளம்பச்சையா, கரும்பச்சையான்னு. நீங்கதான் கடைசியா பார்த்தவர். இந்த நிறம்தானா?"

டோப்ரி குனிந்து பார்த்தான். "இதேதான்."

"நல்லாப் பாருங்க. படத்துல கொஞ்சம் கூடக் குறையத் தெரியும்."

"மேடம், காலையில அவர் தலைவழியா மாட்டிவிட்டதே நான்தான். கை தூக்க மாட்டார், அடம் பிடிப்பார். இதே பச்சைதான், ஒரு பொட்டுக் கூட மாறல."

"ரூமென், இப்பப் பண்ணு."

ரூமென் கோப்பைத் தூக்கினான். பிரவுசரை மூடித் திறந்தான். படம் வந்தது. டோப்ரியின் கண் முன்னால் ஸ்தாமென் கருஞ்சிவப்பு ஸ்வெட்டரில் நின்றார்.

டோப்ரி ஒரு அடி பின்னால் போனான்.

"இது... இது வேற படம்."

"அதே படம். கம்ப்யூட்டர்ல கோளாறு. இப்ப சரியாயிடுச்சு. இதுதான் அவர் போட்டிருந்த நிறம்."

அவன் கண்ணைக் கசக்கினான். "எனக்கு... எனக்குக் கண்ணுல கொஞ்சம் கோளாறு. சிவப்பு, பச்சை சரியாத் தெரியாது. சின்ன வயசுலேர்ந்தே."

"டோப்ரி அண்ணே," என்றான் ரூமென், "தெரியாதவன் படம் மாறினதும் எதுக்குத் துள்ளிப் பின்னாடி போறான்? என் கால்ல மிதிச்சிட்டீங்க."

டோப்ரி கூடத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"எத்தனை நாளா அந்த வீட்டுக்குப் போகல?" என்றாள் நெவேனா.

அவன் வாசல் பக்கம் பார்த்தான்.

"டோப்ரி. அவர் வெளியில இருக்கார். இன்னிக்குப் பனி. எத்தனை நாளா?"

"பிப்ரவரி கடைசியிலேர்ந்து." அவன் தரையைப் பார்த்தே சொன்னான். "பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜூர்ஜூவுக்கு லாரி ஓட்ட ஆள் கேட்டாங்க. பகல்ல மட்டும்தான். சாயங்காலம் வந்து பார்த்துக்கலாம்னு நினைச்சேன். முதல் நாள் லேட்டாயிடுச்சு. மறுநாளும் லேட்டாயிடுச்சு. அவர் கேட்டாலும் ஞாபகம் இருக்காதேன்னு... வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனேன். கதவு திறந்து கிடந்துச்சு. ஆள் இல்ல. அக்கா அப்பவே போன் பண்ணிட்டாங்க. ஓடி வந்து அலமாரியைப் பார்த்துட்டு, 'பச்சை ஸ்வெட்டர்தானே போட்டிருந்தார்?'னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன். 'எங்க போனார்?'னாங்க. அவர் எப்பவும் வார்னா, வார்னான்னு பேசுவாரே. அதுதான் வாயில வந்துச்சு. பகலெல்லாம் நானே தேடினேன்னுட்டேன்."

எலிட்சா அவனை அடிக்கப் போகிறாள் என்று ரூமென் நினைத்தான். அவள் அடிக்கவில்லை. அவன் முன்னால் போய் நின்று, "ரெண்டு நாளா என் சமையல்கட்டுல உக்காந்து என்கூட அழுதியேடா," என்றாள். அவ்வளவுதான்.

அவன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான்.

நெவேனா அடுக்களைக்குப் போய் நோட்டை எடுத்து வந்தாள்.

*

நோட்டில் நாற்பதுக்கும் மேலே அழைப்புகள். பச்சை ஸ்வெட்டர் என்று சொன்னவர்கள் எல்லோரும் வார்னாவிலிருந்தும் வழி ஊர்களிலிருந்தும் கூப்பிட்டவர்கள். ரேடியோ கேட்டுவிட்டு, பச்சையாகத் தெரிந்தவரையெல்லாம் சொன்னவர்கள். நெவேனா அந்தப் பக்கங்களைப் புரட்டித் தள்ளினாள்.

"குறுக்குக் கோடு போட்டு அடிச்சதைப் பாரு ரூமென். நிறம் பொருந்தலைன்னு தள்ளினது."

மூன்று இருந்தன. ரூமென் சத்தமாகப் படித்தான்.

"ரொட்டிக் கடை அம்மா, டிராலிபஸ் திருப்பம். வெள்ளி காலை எட்டரை. சிவப்பு ஸ்வெட்டர் போட்ட கிழவர், ரெண்டு ரொட்டி வாங்கினார். கோட்டு இல்ல."

"அப்பா வீட்டுத் தெரு முனை," என்றாள் எலிட்சா.

"நாய் கூட்டிப் போனவர், ஆத்தங்கரைப் பாதை. ஒன்பதரை. சிவப்பு ஸ்வெட்டர், கிழக்கே நடந்தார்."

"அடுத்து?"

"மீன் பிடிக்கிறவர். கிழக்குத் துறைமுகம் தாண்டி. பதினொரு மணி. கருஞ்சிவப்பு ஸ்வெட்டர். பேச்சுக் கொடுத்தாராம். 'வேலைக்கு நேரமாச்சு'ன்னு சொல்லிட்டு..." ரூமென் நிமிர்ந்தான். "சொல்லிட்டுப் போயிட்டாராம்."

எலிட்சா ஏற்கெனவே கதவருகில் இருந்தாள். "பழைய கப்பல்களைக் கட்டிப் போட்டிருக்கிற இடம் அங்கதான் இருக்கு. அப்பா பதினெட்டு வருஷம் வேலை பார்த்த ஓரியன் அங்கதான் துருப்பிடிச்சுக் கிடக்கு."

நெவேனா வாசலில் திரும்பி டோப்ரியைப் பார்த்தாள். "போன் உங்க கையில இருக்கு. போலீஸைக் கூப்பிட்டு நீங்களே சொல்லுங்க. எல்லாத்தையும். முதல்ல ஆம்புலன்ஸ், கிழக்குத் துறைமுகம் தாண்டி. அப்புறம் உங்க கதை."

படிகளில் இறங்கும்போதே அவன் எண் அழுத்தும் ஓசை கேட்டது.

*

காரில் ஏறியது முதல் ரூமென் ஒரு வார்த்தை பேசவில்லை. நெவேனா இரண்டு தடவை அவனைத் திரும்பிப் பார்த்தாள். முதல் பனித்துளிகள் கண்ணாடியில் விழத் தொடங்கியிருந்தன.

துறைமுகத்துக்கு அப்பால் கம்பி வேலி. வாயிலில் பூட்டு. ஞாயிற்றுக்கிழமை, காவலாளி இல்லை. எலிட்சா வேலியோரமாக ஓடி, அறுந்த இடம் ஒன்றைக் கண்டுபிடித்தாள். கம்பி முனையில் சிவப்புக் கம்பளி இழை ஒன்று மாட்டியிருந்தது. அவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே புகுந்தாள்.

கரையோரம் வரிசையாக ஏழெட்டுக் கப்பல்கள். சாயம் உதிர்ந்து, ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடந்தன. எலிட்சா கத்தினாள். "அப்பா! அப்பா!" தண்ணீர் மட்டும் பலகையில் அடித்தது.

"கத்தாதீங்க. கேளுங்க," என்றாள் நெவேனா.

மூன்று பேரும் நின்றார்கள். எங்கோ உள்ளே, இரும்பில் இரும்பு தட்டும் ஓசை. டங். கொஞ்சம் இடைவெளி. டங்.

நாலாவது கப்பல், ஓரியன். கப்பலில் ஏறும் பலகை வழுக்கியது. ரூமென் முதலில் ஏறி, எஞ்சின் அறைக் கதவை இழுத்தான். செங்குத்தான இரும்பு ஏணி. டார்ச் வெளிச்சம் கீழே போனது.

ஸ்தாமென் எஞ்சினுக்குப் பக்கத்தில், தார்ப்பாய் ஒன்றைத் தோளில் சுற்றிக்கொண்டு நின்றார். தார்ப்பாய்க்குள் கருஞ்சிவப்பு ஸ்வெட்டர். கையில் ஸ்பானர். காலடியில் சாக்குகள் விரித்த படுக்கை, கடித்து மிச்சம் வைத்த அரை ரொட்டி. உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. அவர் குழாய் ஒன்றைத் தட்டி, காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா!" எலிட்சா ஏணியில் பாதி வழுக்கி இறங்கினாள்.

அவர் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கி அவளைப் பார்த்தார். மரியாதையாகத்தான் பார்த்தார். "பயணிங்க கீழ வரக் கூடாதும்மா. வழுக்கும்."

எலிட்சா கண்ணைத் துடைத்தாள். தன் கோட்டைக் கழற்றி அவர் மேல் போர்த்தினாள். "சரிங்க. நீங்களும் மேல வாங்க. ரொம்பக் குளிருது. வீட்டுக்குப் போகலாம்."

"நான் எப்படி வர்றது? மாத்து ஆள் இன்னும் வரலியே." அவர் கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். பிடி தளரவில்லை. "ரெண்டு நாளா ஒத்தையா பார்த்திட்டிருக்கேன். யாரும் வரல. நான் பாட்டுக்கு எழுந்து போயிட்டா எஞ்சினை யார் பார்க்கிறது?"

நெவேனா மெதுவாக அவர் கையைத் தொட்டாள். அவர் உதறினார். இன்னொரு தடவை முயன்றால் கீழே விழுந்துவிடுவார். மேலே, தூரத்தில், ஆம்புலன்ஸின் ஓசை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த ஏணியில் அவரைத் தூக்கி ஏற்ற இரண்டு ஆட்களால் முடியாது. அவராக ஏறினால்தான் உண்டு.

ரூமென் தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தான்.

"மன்னிச்சுக்குங்க," என்றான். "நான்தான் மாத்து ஆள்."

கிழவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "பேரு?"

"ரூமென்."

"லேட்டு."

"ஆமாங்க. ரொம்ப லேட்டு."

"எஞ்சின் தெரியுமா?"

"கத்துக்கிட்டிருக்கேன்."

ஸ்தாமென் அவன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஸ்பானரை அவன் கையில் வைத்து, அவன் விரல்களை அதன் மேல் மூடினார். அவருடைய கை பனிக்கட்டி மாதிரி இருந்தது.

"இடது பக்கப் பம்பு கசியுது. கால் மணிக்கு ஒரு தடவை தட்டிப் பாரு. சத்தம் மாறினா உடனே நிறுத்திடு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க. நான் பார்த்துக்கறேன். நீங்க கிளம்பலாம்."

கம்பியிலிருந்து கிழவரின் பிடி விட்டது. ஏணியில் காலை வைத்தார். முன்னால் நெவேனா கையை நீட்டினாள். பின்னால் எலிட்சா இரண்டு கைகளாலும் அவர் முதுகைத் தாங்கிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். பாதி ஏணியில் அவர் நின்றார். தலையைச் சாய்த்தார். புதிய ஆள் வேலை பார்க்கிறானா என்று காது கொடுத்துக் கேட்டார்.

ரூமென் பல வருடங்களாக ஓடாத எஞ்சினின் குழாயை ஸ்பானரால் தட்டினான். டங்.

கிழவர் தலையசைத்துவிட்டு அடுத்த படியில் காலை வைத்தார்.

மேலே ஆட்களின் குரல்கள் கேட்டன. யாரோ போர்வை கேட்டார்கள். எலிட்சா எதற்கோ சிரித்து, உடனே அழுதாள். "ரூமென், மேல வா, கிளம்பலாம்," என்று நெவேனா கூப்பிட்டாள். பனி விழும் கரையில் ஆம்புலன்ஸ் கதவு சாத்தும் ஓசை கேட்கும்வரை, அவன் அந்த இருட்டில் நின்று, கொஞ்சம் கொஞ்சம் இடைவெளி விட்டு, குழாயைத் தட்டிக்கொண்டே இருந்தான்.